முதல் டைவுக்கு எந்தக் கடல்? எங்க வீட்டுக் கணக்கு

நெல்லித்தோப்புல எங்க வீட்டுல இருந்து கடற்கரை மூணு கிலோமீட்டர்தான். நாற்பது வருஷமா பார்க்கிற கடல். ஆனா மார்க்கெட்ல வஞ்சிரமும் சங்கராவும் வாங்கறதைத் தாண்டி அந்தக் கடலுக்குள்ள என்ன இருக்குன்னு நான் பெருசா யோசிச்சதில்லை. யோசிக்க வெச்சது என் பொண்ணு. அவளுக்கு 13 வயசு. கடலாமை வீடியோ ஒண்ணைப் பார்த்துட்டு, "அப்பா, நாம இதை நேர்ல போய்ப் பார்க்கலாமா?"ன்னு ஆரம்பிச்சா. 10 வயசுத் தம்பியும் கூடச் சேர்ந்துக்கிட்டான். ரெண்டே நாள்ல என் மச்சான்கிட்ட இருந்து வாட்ஸ்அப்: "மாமா, அந்தமான் பேக்கேஜ் ஒண்ணு இருக்கு. நாலு நாள், ஸ்கூபாவும் சேர்த்து. புக் பண்ணிடட்டுமா?"

"ரெண்டு வாரம் டைம் குடு மாப்ள"ன்னு சொன்னேன். அது ரெண்டு மாசம் ஆயிடுச்சு. அந்த ரெண்டு மாசத்துல படிச்சது, கேட்டது, கடைசியில போய்ப் பார்த்தது எல்லாத்தையும் இந்தக் குறிப்புல எழுதி வெக்கறேன். குடும்பத்தோட முதல் தடவை ஸ்கூபா போக நினைக்கிறவங்களுக்குப் பயன்படலாம்.

இவ்வளவு யோசிக்க எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது. 2017-ல ஆபீஸ் நண்பர்களோட மேற்குக் கடற்கரையில ஒரு சுற்றுலா இடத்துல ட்ரை டைவ் போயிருக்கேன். அன்னைக்கு எனக்கு லேசா சளி. சொன்னேன். "ஒண்ணும் ஆகாது சார்"னு பதில் வந்தது. படகுல எங்க பின்னாடி இன்னும் பத்து பேர் வரிசையில. தண்ணிக்குள்ள இறங்கினதும் வலது காது வலிச்சது. வலிக்குதுன்னு கையைக் காட்டினேன், "இன்னும் கொஞ்சம்"னு சைகை. நானும் பணம் கட்டியாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இறங்கினேன். மேல வந்தப்போ மாஸ்க்குக்குள்ள ரத்தம். மூணு வாரம் அந்தக் காதுல பஞ்சு அடைச்ச மாதிரியே இருந்தது. காது டாக்டர் பார்த்துட்டு, அழுத்தத்தால வந்த காயம், செவிப்பறை கிழியாம போனது அதிர்ஷ்டம்னு சொன்னார்.

அந்த இடத்துல இப்போ என் பையனை வெச்சு நினைச்சுப் பார்த்தேன். அவன் வலிக்குதுன்னு சொல்வானா? சொன்னா யாராவது கேப்பாங்களா? அதனால நான் தேடினது "எங்கே மீன் நிறைய இருக்கு?"ங்கிற கேள்விக்கான விடையை இல்லை. எங்க குடும்பத்துலேயே ரொம்பத் தயங்கற ஆள், "எனக்கு வேண்டாம், நான் மேல போறேன்"னு சொன்னா, அதை எந்தச் சிரமமும் இல்லாம செய்ய முடியற இடம் எது? கடைசியில என் எல்லா முடிவும் இந்த ஒரு கேள்வியிலதான் வந்து நின்னது. சாஃப்ட்வேர்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ரோல்பேக் சுலபமா இருக்கற இடத்துலதான் முதல் ரிலீஸ்.

பத்து மீட்டர் கணக்கு

கடல் தண்ணியில ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் சுமாரா ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுது. தரையில 1, பத்து மீட்டர்ல 2, இருபதுல 3, முப்பதுல 4. பிளஸ் டூவுல படிச்ச பாயில் விதிதான்: அழுத்தம் கூடினா காற்றோட கன அளவு குறையும். ஒரு பலூனை மேல இருந்து பத்து மீட்டருக்குக் கொண்டுபோனா பாதியாச் சுருங்கும். அங்கிருந்து இன்னும் பத்து மீட்டர் இறக்கினா மூணுல ஒரு பங்கு. அதாவது மிகப்பெரிய மாற்றம் நடக்கறது முதல் பத்து மீட்டர்ல. "ஆழமாப் போகல, சும்மா அஞ்சு மீட்டர்தான்"னு சொல்லும்போது, காதைப் பொறுத்தவரைக்கும் அந்த அஞ்சு மீட்டர்தான் ரொம்பக் கஷ்டமான பகுதி.

செவிப்பறைக்குப் பின்னாடி இருக்கிற காற்றறை, ஒரு மெல்லிய குழாய் வழியா தொண்டையோட இணைஞ்சிருக்கு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஊதினா அந்தக் குழாய் திறந்து உள்ளே காற்று போகும், ரெண்டு பக்க அழுத்தமும் சமன் ஆகும். வலி வர்றதுக்கு முன்னாடியே, அரை மீட்டர், ஒரு மீட்டருக்கு ஒரு தடவை இதைச் செய்துக்கிட்டே இறங்கணும். சளி இருந்தா குழாய் அடைபட்டிருக்கும். பிள்ளைகளுக்கு அது இயற்கையாவே குறுகலா இருக்கும். மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம்னு சிலர் சொல்றாங்க. தண்ணிக்குள்ள இருக்கும்போதே மாத்திரையோட வேகம் தீர்ந்துட்டா, மேல வரும்போது காத்து வெளியேற முடியாம மாட்டிக்கும். அதனால சளின்னா அன்னைக்கு டைவ் கிடையாது, அவ்வளவுதான்.

மேல வர்றப்போ இதே கணக்கு தலைகீழ். பத்து மீட்டர்ல நுரையீரல் நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கிட்டு மேல வந்தா, அது ரெண்டு மடங்கா விரியப் பார்க்கும். நீச்சல்குள ஆழத்துல இருந்து இப்படி வந்தாலே நுரையீரல் கிழிய வாய்ப்பு உண்டு. ஸ்கூபாவோட முதல் விதியே "மூச்சை அடக்காதே". பயந்துபோன பிள்ளை முதல்ல செய்யறது மூச்சை அடக்கிட்டு மேல பாயறதுதான். தொடக்கக்காரருக்கு ஆழமும் நீரோட்டமும் குறைவான இடம் வேணும்னு சொல்றது இந்தப் பயம் வர்ற வாய்ப்பைக் குறைக்கத்தான்.

காற்றுக்கும் ஒரு கணக்கு போட்டேன். சிலிண்டர் சுமார் 11 லிட்டர், 200 பார் அழுத்தம்னு வெச்சுக்குங்க. மொத்தம் 2,200 லிட்டர் காற்று. 50 பார் கையிருப்பு, அதாவது 550 லிட்டரை விட்டுட்டா செலவழிக்க 1,650. புதுசா இறங்கறவர் பதற்றத்துல நிமிஷத்துக்கு 25 லிட்டர் இழுக்கறார்னு வைப்போம். பத்து மீட்டர்ல அழுத்தம் ரெண்டு மடங்கு, அதனால செலவு 50 லிட்டர், கிடைக்கிற நேரம் 33 நிமிஷம். பதினெட்டு மீட்டர்ல செலவு 70 லிட்டர், நேரம் 23 நிமிஷம்தான். வெளிச்சமும் வண்ணமும் மேல்பகுதியிலதான் அதிகம், ஏன்னா தண்ணி சிவப்பு நிறத்தைத்தான் முதல்ல உறிஞ்சிடும். ஆழம் கூடக்கூட எல்லாம் நீலம். ஆக ஆழம் குறைஞ்ச இடத்துல நேரமும் கூடுதல், நிறமும் கூடுதல். முதல் பயணத்துக்கு "30 மீட்டர் டைவ்" விளம்பரங்களைப் பார்த்து ஏங்கத் தேவையே இல்லை.

யாருக்கு எவ்வளவு ஆழம்?

சான்றிதழ் கொடுக்கிற அமைப்புகள் பல. இந்தியாவுல அதிகமாக் கண்ணில் படறது பி.ஏ.டி.ஐ., அடுத்து எஸ்.எஸ்.ஐ. நம்ம ஊர்க்காரங்க பல பேருக்கு பிரான்ஸ்ல சொந்தம் உண்டு. அங்கே பிரெஞ்சு கூட்டமைப்போட "நிவோ 1" வாங்கியிருக்கிற அண்ணன் தம்பிங்க, "அதெல்லாம் எதுக்கு, சி.எம்.ஏ.எஸ். பண்ணு"ன்னு சொல்வாங்க. எந்தப் பெயர்ங்கிறதைவிட யார் கத்துக்கொடுக்கறாங்க, ஒருத்தருக்கு எத்தனை பேர்ங்கிறதுதான் முக்கியம்.

பி.ஏ.டி.ஐ. விதிகளை உதாரணமா எடுத்துக்கறேன். 8 வயசுப் பிள்ளைக்கு ரெண்டு மீட்டருக்கு மிகாத ஆழத்துல ஒரு அறிமுகம் உண்டு. 10 வயசுல இருந்து ட்ரை டைவ், அதிகபட்சம் 12 மீட்டர். ஓப்பன் வாட்டர் சான்றிதழும் 10 வயசுல இருந்து வாங்கலாம். ஆனா 10, 11 வயசுக்காரங்க சான்றிதழுக்கு அப்புறமும் 12 மீட்டருக்குக் கீழ போகக்கூடாது. பெற்றோரோ பயிற்சியாளரோ கூட இருக்கணும். 12-ல இருந்து 14 வரை, சான்றிதழ் பெற்ற பெரியவர் ஒருத்தரோட 18 மீட்டர். ஓப்பன் வாட்டர் படிப்புல, கடல்ல ஒரு பயிற்சியாளருக்கு அதிகபட்சம் 8 மாணவர். அதுல 10, 11 வயசுப் பிள்ளை இருந்தா மொத்தமே 4 பேர், அந்த வயசுக்காரங்க 2 பேருக்கு மேல கூடாது. ஒரு நிறுவனத்துக்கு போன் போடும்போது இந்த எண்களைக் கேட்டுப் பாருங்க. தயங்காம பதில் வந்தா நல்ல அறிகுறி.

அடுத்தது மருத்துவப் படிவம். எங்க வீட்டுல பெரிய வாக்குவாதம் நடந்தது இதுலதான். ஆஸ்துமா, இதயம், வலிப்பு, காது அறுவை சிகிச்சைன்னு வரிசையா கேள்வி இருக்கும். குறிப்பிட்ட கேள்விகள்ல "ஆம்"னு போட்டா டாக்டர் கையெழுத்து வேணும். என் மனைவிக்குச் சின்ன வயசுல இளைப்பு இருந்தது. இப்பவும் மார்கழிப் பனியில மாடிப்படி ஏறினா லேசா இழுக்கும். விசாரிச்ச ஒரு இடத்துல, "எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் பண்ணிடுங்க மேடம், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க"ன்னாங்க. அவளும், "பத்து வருஷமா மருந்தே எடுக்கலையே, போட்டுடலாமே"ன்னா.

நான் ஒத்துக்கலை. மூச்சுக்குழாய் சுருங்கினா நுரையீரலோட ஒரு மூலையில காத்து மாட்டிக்கும். தரையில அது வெறும் இளைப்பு. பத்து மீட்டர்ல இருந்து மேல வரும்போது அந்த மாட்டிக்கிட்ட காத்து விரியும், வெளிய வர வழி இருக்காது. நெஞ்சு டாக்டர்கிட்ட போனோம். ஊதிப் பார்க்கிற பரிசோதனையும், ஓடவிட்டுப் பரிசோதனையும் செஞ்சார். ஓடினதுக்கு அப்புறம் அளவு குறைஞ்சது. "மேலே மிதந்துக்கிட்டு ஸ்நார்க்கெல் பண்ணுங்கம்மா, சிலிண்டர் வேண்டாம்"னு சொல்லிட்டார். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அவ எதுவும் பேசலை. எனக்கும் சங்கடமாத்தான் இருந்தது. ஆனா அன்னைக்கே எங்க இடத்தேர்வு பாதி முடிஞ்சுடுச்சு: டைவ் பண்ணாதவருக்கும் கரையோரமாவே நல்லாப் பார்க்கக் கிடைக்கிற இடமா இருக்கணும்.

வீட்டுப் பக்கத்துக் கடல் ஏன் இல்லை?

"பாண்டிச்சேரியிலேயே டைவிங் இருக்கே, எதுக்கு விமானம்?"னு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. நம்ம ஊர்ல நல்ல பயிற்சிப் பள்ளி இருக்கு, கடலுக்குள்ள டைவ் இடங்களும் இருக்கு. பெயர்போன டெம்பிள் ரீஃப், டைவர்களே உருவாக்கின செயற்கைத் திட்டு. அதைச் சுத்தி மீன் கூட்டம் கூட்டமா வரும்னு போனவங்க சொல்றாங்க. ஆனா அது இருக்கிறது சுமார் 18 மீட்டர் ஆழத்துல. ஓப்பன் வாட்டர் சான்றிதழோட எல்லையே அதுதான்.

நம்ம கரையோட அமைப்பும் வேற. கடற்கரைச் சாலையில கருங்கல் கொட்டி வெச்சிருக்கோம். 1980-களோட இறுதியில துறைமுகத்துக்காகக் கட்டின தடுப்புச் சுவர்கள் மணல் ஓட்டத்தை மறிச்சதுல, வடக்கே இருந்த மணல் கரை அரிச்சுப் போன கதை எல்லாருக்கும் தெரியும். மணல்ல நடந்து இறங்கி, இடுப்பளவுத் தண்ணியில நின்னு பழகி, அப்படியே பவளப்பாறைக்குப் போற வசதி இங்கே இல்லை. படகுல போகணும், அலையில ஆடற படகுல இருந்து இறங்கணும், கயிறைப் பிடிச்சு ஆழத்துக்குப் போகணும். தண்ணித் தெளிவும் நாளுக்கு நாள் மாறும். பழகினவங்களுக்கு இதெல்லாம் சுவாரசியம். நடுக்கடல்ல பையன் "வேண்டாம்"னா, படகுல உக்காந்து வாந்தி எடுக்கிறதுதான் அவனுக்கு மாற்று வழி.

ஆனா ஊர்ப் பள்ளியை வேற விதத்துல பயன்படுத்திக்கலாம்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஓப்பன் வாட்டர் படிப்புல மூணு பகுதி: பாடம், நீச்சல்குளப் பயிற்சி, கடல்ல நாலு டைவ். முதல் ரெண்டையும் வீட்டுப் பக்கத்துல முடிச்சுட்டு, பரிந்துரைக் கடிதத்தோட வேற ஊர்ல கடல் டைவை முடிக்கலாம். பி.ஏ.டி.ஐ.-ல அந்தக் கடிதம் பன்னிரண்டு மாசம் செல்லும். நானும் பொண்ணும் அப்படித்தான் செஞ்சோம். சனி, ஞாயிறுல குளத்துல மாஸ்க்குல தண்ணி விட்டு வெளியேத்தறது, ரெகுலேட்டரைக் கழட்டி மறுபடி வாயில வெக்கறதுன்னு பயிற்சி. இருநூறு மீட்டர் நீந்தணும், பத்து நிமிஷம் மிதக்கணும். எனக்கு நீச்சல்ல மூச்சு வாங்கினது, அவளுக்கு இல்லை. விடுமுறை நாட்களைப் பாடத்துல செலவழிக்காம மிச்சம் பிடிச்சோம். எங்களைக் கடைசியில காப்பாத்தினது அந்த மிச்ச நாட்கள்தான்.

சும்மா ஒரு தகவல்: இந்த ரெகுலேட்டரை 1943-ல பிரான்ஸ்ல உருவாக்கினவங்க ழாக் கூஸ்தோவும், எமில் கான்யான்ங்கிற பொறியாளரும். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டுல காரை எரிவாயுவுல ஓட்ட கான்யான் செஞ்ச வால்வுதான் அதுக்கு ஆரம்பம். சுத்தி இருக்கிற தண்ணி அழுத்தத்துக்குச் சமமாக் காத்தைக் கொடுக்கிறதுதான் அதோட வேலை. மேலே நான் போட்ட லிட்டர் கணக்கு அதனாலதான் வருது. அப்போ நம்ம ஊர் பிரெஞ்சு ஆட்சியிலதான் இருந்தது.

காலண்டரை வெச்சு வடிகட்டினது

இடத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி மாசத்தை முடிவு பண்ணணும். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை, வடகிழக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஒரு கடல் கலங்கியிருக்கும்போது இன்னொரு கடல் அமைதியா இருக்கும். எங்க பட்டியல் இதுதான்:

அந்தமான்: ஜனவரியில இருந்து ஏப்ரல் வரை அமைதி. மே நடுவுக்கு மேல பருவமழை நெருங்கிடும். சென்னையில இருந்து ரெண்டரை மணி நேரத்துக்குள்ள விமானம், பாஸ்போர்ட் வேண்டாம். ஹேவ்லாக்ல, இப்போ பேர் ஸ்வராஜ் தீவு, கரையில இருந்தே நடந்து இறங்கக்கூடிய நீமோ ரீஃப் மாதிரி ஆழம் குறைஞ்ச இடம் இருக்கு. தமிழ் பேசறவங்களும் அங்கே நிறைய.

நேத்ராணி, கர்நாடகா: முருதேஸ்வர்ல இருந்து படகு. அக்டோபர் முதல் மே வரை. தண்ணி தெளிவு. ஆனா தீவுல இறங்க முடியாது, முழுக்கப் படகு டைவ்தான். டைவ் பண்ணாதவருக்குப் பெருசா வேலை இல்லை.

லட்சத்தீவு: தொடக்கக்காரருக்குக் குளம் மாதிரி உப்பங்கழி. அனுமதிச் சீட்டு வேணும், பெரும்பாலும் கொச்சி வழியாத்தான் போகணும், தங்க இடமும் குறைவு. நாள் தள்ளிப்போனா திட்டத்தை மாத்தறது கஷ்டம்.

திருகோணமலை: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி, அதனால மே விடுமுறைக்குப் பொருத்தம். நிலாவெளிக்கு எதிர்ல இருக்கிற புறாத் தீவு 2003-ல தேசியப் பூங்கா ஆச்சு. ஆழம் குறைவு, ஸ்நார்க்கெல் பண்றவங்களுக்கும் இடம். தமிழ்லயே பாடம் கேட்கலாம். அதே கிழக்குக் கரையில மட்டக்களப்புப் பக்கம் 1942 ஏப்ரல் 9-ல ஜப்பானிய விமானங்கள் மூழ்கடிச்ச ஹெர்மிஸ் கப்பல் கிடக்கு. மச்சான் உடனே, "மாமா, அதைப் பார்க்கலாமா?"ன்னான். அது ஐம்பது மீட்டருக்கும் கீழ, தொழில்முறையா பழகினவங்களுக்கானது. நம்ம கதைக்கு ஆகாது.

மலேசியாவோட பெர்ஹென்தியான், ரெடாங் தீவுகள்: கரை ஓரத்துலயே பாறை, பிள்ளைகளுக்கு அருமை. ஆனா நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்றுல கடை மூடிடுவாங்க. அங்கே உறவினர் இருக்கிறவங்க ஜூன், ஜூலைக்கு யோசிக்கலாம்.

மாலத்தீவு: ரிசார்ட்டைச் சுத்தி இருக்கிற ஆழமில்லாத பகுதி நல்லது. பெயர்பெற்ற டைவ்கள் தீவுகளுக்கு இடையே இருக்கிற வாய்க்கால்கள்ல, நீரோட்டம் பலமா இருக்கும். செலவும் நம்ம கைக்கு மேல.

எங்களுக்குக் கிடைச்ச லீவு மார்ச் கடைசி, முழுஆண்டுத் தேர்வுக்கும் புது வகுப்புக்கும் நடுவுல. அதனால அந்தமான். மே-ன்னா திருகோணமலையைத்தான் எடுத்திருப்பேன்.

அந்தமானோட குறைகளையும் சொல்லிடறேன். 2010-லயும் 2016-லயும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்துப்போன பாதிப்பு அங்கே உண்டு. விளம்பரப் படத்துல இருக்கிற நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீங்க. தாழ்வு ஓதத்துல கரையோரத் தண்ணி வெகுதூரம் வத்திடும், அதனால ஓத நேரத்தைக் கேட்டுத்தான் நாளைத் திட்டமிடணும். உப்புநீர் முதலை உண்டு. 2010-ல ஹேவ்லாக்லயே ஸ்நார்க்கெல் செஞ்ச ஒரு அமெரிக்கப் பெண் முதலையால இறந்திருக்காங்க. எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்துல தண்ணியில இறங்காதீங்க. அழுத்த நோய்க்கான சிகிச்சை அறை போர்ட் பிளேர்ல, இப்போ ஸ்ரீ விஜயபுரம், கடற்படையோட தன்வந்திரி மருத்துவமனையில இருக்கு. ஹேவ்லாக்ல இருந்து அது ஒரு கப்பல் பயணத் தூரம்.

நாலு நாள் பேக்கேஜ் ஏன் சரிவராது?

தண்ணிக்கடியில அழுத்தத்துல சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்புல கரையும். மெதுவா மேல வந்தா மூச்சு வழியா வெளியேறும். அது முழுசாப் போறதுக்குள்ள விமானத்துல ஏறினா, அங்கே அழுத்தம் குறைவு, கரைஞ்சது குமிழியா மாறும். சோடா மூடியைத் திறந்த மாதிரி. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்போட பரிந்துரை: ஒரே ஒரு சாதாரண டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், பல டைவ்கள்னா குறைஞ்சது 18 மணி நேரம் கழிச்சுத்தான் விமானம்.

மலைக்கும் இதே விதி. நேத்ராணியில டைவ் பண்ணிட்டு அன்னைக்கு ராத்திரியே பஸ்ஸுல மேற்குத் தொடர்ச்சி மலை ஏறி, 900 மீட்டர் உயரத்துல இருக்கிற பெங்களூருக்குப் போறவங்க இதை மறந்துடறாங்க. டைவ் முடிச்சு நேரா கொடைக்கானல்னு திட்டம் போடறதும் அப்படித்தான்.

நாலு நாள் பேக்கேஜைப் பிரிச்சுப் பார்த்தா, போக ஒரு நாள், வர ஒரு நாள், விமானத்துக்கு முன்னாடி காலியா ஒரு நாள். மிச்சம் ஒரே நாள். அந்த ஒரு நாள்ல யாருக்காவது சளி பிடிச்சா? "பணம் கட்டியாச்சே"ங்கிற எண்ணம் 2017-ல என்னை எங்கே கொண்டுபோய் விட்டதுன்னு முன்னாடியே சொல்லிட்டேன். நாங்க ஒன்பது நாள் போட்டோம். ஒரு நட்சத்திரம் குறைஞ்ச விடுதியில தங்கி அந்தச் செலவை ஈடுகட்டினோம்.

என்ன நடந்தது

திங்கட்கிழமை முதல் டைவ். ஞாயித்துக்கிழமை கப்பல் ஏசியிலயே பொண்ணுக்குத் தும்மல் ஆரம்பிச்சிருந்தது. காலையில "சரியாயிடுச்சுப்பா"ன்னா. கரையில இருந்து நடந்து இறங்கினோம். ரெண்டு மீட்டர்கூட இருக்காது, அவ கையை ஆட்டி காதைக் காட்டினா. பயிற்சியாளர் கொஞ்சம் மேல கூட்டிட்டுப் போய் மறுபடி முயற்சி பண்ணச் சொன்னார். ரெண்டாவது தடவையும் அதே. உடனே கட்டைவிரலை மேல காட்டினார், எல்லாரும் எழுந்து நின்னோம். நெஞ்சளவுத் தண்ணி. நடந்து கரைக்கு வந்துட்டோம்.

அவ அழுதா. "என்னாலதானே எல்லாம் போச்சு"ன்னா. அந்தப் பயிற்சியாளர் அவளுக்கு எதிர்ல மணல்ல உக்காந்து, "சரியான நேரத்துல சொன்னே பாப்பா, நிறைய பெரியவங்களுக்கே இது வராது"ன்னு சொன்னார். எனக்குச் சொன்ன மாதிரியே இருந்தது.

செவ்வாய், புதன் ரெண்டு நாளும் அவ ஹோட்டல் திண்ணையில கதைப்புத்தகம். என் மனைவி மாஸ்க்கைப் போட்டுக்கிட்டுக் கரையோரமாவே மிதந்து, திருக்கை பார்த்தேன், கிளிமீன் பார்த்தேன்னு தினமும் வந்து சொல்லுவா. பையனுக்கு ஒரே ஒரு ட்ரை டைவ், அஞ்சு மீட்டருக்குள்ள. சான்றிதழ் வேண்டாம், ரெண்டு வருஷம் போகட்டும்னு முடிவு பண்ணோம். இருபது நிமிஷத்துல குளிர்றதுன்னு சைகை காட்டினான், மேல கூட்டிட்டு வந்தாங்க. சின்ன உடம்பு, சூடு சீக்கிரம் போயிடும்.

வியாழனும் வெள்ளியும் பொண்ணும் நானும் தலா நாலு டைவையும் முடிச்சோம். என் வலது காது கொஞ்சம் மெதுவாத்தான் திறந்தது, அவ எனக்காகக் கயிறைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தா. ஆமை? வரலை. கோமாளி மீன் ஒரு குடும்பமே கடல் சாமந்திக்குள்ள இருந்து எங்களை முறைச்சுப் பார்த்தது. சனிக்கிழமை சும்மா இருந்தோம். ஞாயிறு விமானம். கரையில பொறுக்கின பவளத் துண்டு ஒண்ணு பையன் பையில இருந்தது. பவளம் வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, எடுத்துட்டு வர்றது குற்றம்னு சொல்லி திரும்பக் கடல்லயே போட வெச்சேன்.

போன் போடும்போது கேட்க வேண்டியவை

ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? என் பிள்ளையோட வயசைச் சொல்லிக் கேளுங்க.
முதல் டைவ் கரையில இருந்தா, படகுல இருந்தா? அதிகபட்ச ஆழம் எவ்வளவு?
மருத்துவப் படிவத்தை முன்கூட்டியே அனுப்புவீங்களா?
சளியால டைவ் தள்ளிப்போனா பணம் என்ன ஆகும்?
படகுலயோ கரையிலயோ ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கா? பக்கத்துல அழுத்தச் சிகிச்சை அறை எங்கே?
விளக்கம் எந்த மொழியில? பிள்ளைக்குப் புரியற மொழியில சொல்வீங்களா?
பயணக் காப்பீடு எடுத்திருந்தா, அதுல ஸ்கூபா சேருமான்னு காப்பீட்டுக்காரங்ககிட்டயும் கேட்டுடுங்க.

நாலாவது கேள்விக்குக் கிடைக்கிற பதில்தான் எனக்கு முக்கியமாப் பட்டது. தள்ளிப்போட்டா பணம் போகும்ங்கிற இடத்துல, நம்ம பிள்ளை வலியைச் சொல்லத் தயங்கும். நாமும் தயங்குவோம்.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளிச்ச காலத்தைப் பத்திப் பேசும்போது ஒரு பேச்சு உண்டு: மூச்சடக்கி இறங்கறவன் இடுப்புக் கயிறை மச்சான் கையிலதான் கொடுப்பானாம், அக்கா தங்கச்சி தாலி விஷயம்ங்கிறதால அவன் அசந்துபோக மாட்டான்னு. வந்ததும் என் மச்சான்கிட்ட இதைச் சொன்னேன். "அப்போ அடுத்த தடவை நானும் வரேன் மாமா, திருகோணமலை"ன்னான். மே மாசம்னு முடிவாகியிருக்கு. இந்தத் தடவை மருத்துவப் படிவத்தை முதல்ல அவன்கிட்டதான் கொடுத்திருக்கேன்.